பாத எரிச்சலும் இரண்டாம் அம்பும்

பகலில் ஒருவாறு அடங்கிக் கிடந்து, விளக்கை அணைத்துப் படுத்த பின்னர் உள்ளங்கால்களில் மிளகாயை அரைத்துப் பூசினாற்போல் எழும் எரிச்சலைப் பற்றி இம்மாதப் பாடத்தில் ஆராயப் புகுகின்றோம். சிலருக்கு அஃது எரிச்சல்; சிலருக்கு ஊசி குத்தல்; சிலருக்கு எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு; வேறு சிலருக்கோ பஞ்சின்மேல் நடப்பது போன்ற மதமதப்பு. மெல்லிய போர்வை பட்டாலும் பொறாமல் கால்களை வெளியே நீட்டிக்கொண்டு, குளிர்ந்த தரையில் பாதங்களை மாற்றி மாற்றி வைத்து, விடியலை எதிர்நோக்கியிருக்கும் பெரியவர்கள் நம் தங்கவயலில் மாரிக்குப்பம் முதல் ஆண்டர்சன்பேட்டை வரையில் பலருளர்.

தன்மப் பத்திரிகையில் மருத்துவப் பேச்சு எதற்கென்று சிலர் வினவக்கூடும். துக்கம் உண்டு என்பதே பகவன் கண்ட முதல் வாய்மையாக இருக்க, காலில் எழும் துக்கம் அதற்குப் புறம்பாகாது. 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவிய அயோத்திதாச பண்டிதர் தாமே சித்த மருத்துவர். அதனினும் முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இந்நோய் கண்ட வீடுகளில் மூன்று தீர்ப்புகள் வழங்கப்படுகின்றன. சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று மருத்துவர் கூறியதும், “எல்லாம் மனப்பிரமை” என்பர் சிலர். “வயதானால் அப்படித்தான்” என்பர் சிலர். “முன்வினை, அனுபவித்துத்தான் தீர வேண்டும்” என்பர் பலர். இம்மூன்றும் பிழையென்பதும், அவற்றுள் கடைசியானது பௌத்தர் வாயில் வரவே தகாததென்பதும் நமது துணிபு. அதனைக் காட்டுவதற்கு முன் நோயின் இயல்பை அறிதல் வேண்டும்.

பாதத்தின் வெம்மையையும் வலியையும் மூளைக்கு உணர்த்தும் நரம்பிழைகளின் உயிரணுக்கள் பாதத்தில் இல்லை. அவை இடுப்பையடுத்த முதுகெலும்பின் பக்கத்தே அமைந்துள்ளன. அங்கிருந்து ஒரே இழையாகக் கால் விரல் நுனிவரை, ஏறத்தாழ 1 மீட்டர் நீளத்திற்கு, அவை ஓடுகின்றன. இழை முழுவதற்கும் வேண்டிய ஊட்டப்பொருள்கள் பெரும்பாலும் அவ்வுயிரணுவிலேயே உண்டாகி, இழைவழியே கடைசிவரை செல்ல வேண்டும். ஏரியில் நீர் குறைந்தால் முதலில் வாடுவது கடைமடை வயலே அன்றோ? அதுபோல் உடலில் சத்துக் குறைந்தாலும், இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தாலும், நஞ்சு கலந்தாலும், முதலில் வருந்துவது நரம்பின் கடைமடையாகிய கால்விரல்களும் உள்ளங்காலுமேயாம். இரண்டு பாதங்களிலும் ஒரேவிதமாய்த் தொடங்கி, காலுறை அணிந்தாற்போல் மெல்ல மெல்ல மேலேறுவதும், முழங்காலை அணுகும் வேளையில் கைவிரல் நுனிகளிலும் தோன்றத் தலைப்படுவதும் இதன் பொருட்டே.

இனி, சோதனையில் ஒன்றும் தெரியாமற் போவதேன்? நரம்பிழைகளில் பெரியன உண்டு, சிறியனவும் உண்டு. பெரியவை உறையிட்ட மின்கம்பி போன்றவை. வினாடிக்கு 50 மீட்டர் அளவிலான வேகத்தில் செய்தியைக் கடத்தும். தொடுவுணர்வும், உடல் நிலையறியும் உணர்வும், தசைகளை இயக்கும் கட்டளையும் அவற்றின் வழியே செல்கின்றன. எரிச்சலையும் சூட்டையும் உணர்த்துபவை மிக நுண்ணிய சிற்றிழைகள்; அவற்றுள் உறையே இல்லாதவை வினாடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் வேகமே உடையவை. மருத்துவமனையில் மின்சாரம் பாய்ச்சி நரம்பின் வேகத்தை அளக்கும் சோதனை பெரிய இழைகளை மட்டுமே அளக்க வல்லது. சிற்றிழைகள் மட்டும் பழுதுற்றிருப்பின் அச்சோதனைத் தாளில் எல்லாம் சரியென்றே வரும். தாள் பொய் கூறவில்லை. அது கேட்கப்பட்டதற்கு மட்டும் விடை கூறிற்று. காலின் தோலில் 3 மில்லிமீட்டர் அளவு எடுத்து, அதிலுள்ள சிற்றிழைகளை உருப்பெருக்கியில் எண்ணிப் பார்க்கும் முறை பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் உண்டு. அதில் குறைவு தென்படுவோருள் பலர், அதற்கு முன் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பப்பட்டவர்களே.

பழுதுற்ற சிற்றிழைக்கு மற்றொரு குணமும் உண்டு. அது வாளாவிருப்பதில்லை. சூடு படாமலேயே சூடு பட்டதென்று மூளைக்கு உரைத்துக்கொண்டேயிருக்கும். யாரும் ஊதாமல் நள்ளிரவில் தானே அலறும் சுரங்கச் சங்கு போல்வது அது. சங்கொலி மெய், கேட்பவன் உறக்கம் கெடுவதும் மெய், ஷிப்டுதான் இல்லை. ஆகவே மனப்பிரமை என்னும் முதல் தீர்ப்பு இவ்விடத்திலேயே வீழ்ந்தது.

நிற்க. இந்நோயின் சரித்திரத்தில் நம்மவர் இருமுறை இடம் பெறுகின்றனர். முதற்பதிவு 1826-ஆம் ஆண்டினது. பர்மிய யுத்த காலத்தில் அங்கிருந்த இந்தியச் சிப்பாய்களின் பாதங்கள் எரிந்ததைக் கிரியர்சன் என்னும் ஆங்கில மருத்துவர் கண்டு எழுதி வைத்தார். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுக்கு மேல் அது பெரிதாகப் பேசப்படவில்லை. 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் கைப்பட்ட பின், சாங்கிச் சிறைமுகாமில் தீட்டிய அரிசியையே பெரும்பாலும் உண்டு வாழ்ந்த ஐரோப்பியக் கைதிகளுக்குச் சில மாதங்களில் பாத எரிச்சல் கண்டது. இரவெல்லாம் உறங்கவியலாமல் உலாவுவதும், குளிர்ந்த நீரில் கால்களை அமிழ்த்துவதுமாக அவர்கள் இருந்ததை உடனிருந்த மருத்துவர்கள் குறித்து வைத்தனர். அதே காலத்தில் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கேயே மாண்டனர். கைதிகளின் நோய்க்குறிப்புகள் நூல்களாயின. இவர்கள் கால்கள் எரிந்தனவா என்று குறித்து வைத்தோர் அரியர்.

இரண்டாம் இடம் பெருமைக்குரியது. 1918-இல் சேலத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற சி. கோபாலன் என்பார், தென்னாட்டு வறியவரிடையே இவ்வெரிச்சலை ஆராய்ந்து, 1946-இல் ‘இந்தியன் மெடிகல் கெஜட்’ என்னும் இதழில் கட்டுரை வெளியிட்டார். ‘பி’ வகை உயிர்ச்சத்துக்களைத் தனித்தனியே கொடுத்துப் பார்த்ததில், பாந்தோதெனிக் அமிலம் என்பதே நல்ல பலனளித்ததாக அவர் கண்டார். அதுமுதல் இந்நோய்க்கு மருத்துவ நூல்களில் கிரியர்சன்–கோபாலன் நோய் என்ற பெயரும் வழங்குகின்றது. அவ்வமிலத்தின் பெயர் ‘எங்கிருந்தும்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. ஏறக்குறைய எல்லா உணவிலும் அது சிறிதளவேனும் உண்டு என்பதால் அப்பெயர். எங்கும் உள்ள சத்தே ஒருவன் உடலில் குறையுமாயின், அவன் உண்ட உணவு எத்தகைய ஏழ்மையுடையதாய் இருந்திருக்க வேண்டும்! அத்தகையோனுக்கு மற்றைச் சத்துக்களும் உடன் குறைந்தே இருக்கும். இதனாற்றான் பிற்கால ஆராய்ச்சியாளர் பலர், ஒரு சத்தின் குறைவென்று சொல்லாமல் பல சத்துக்களின் கூட்டுக் குறைவென்று கூறுகின்றனர். கோபாலன் பின்னர் ஐதராபாத்திலுள்ள தேசிய உணவூட்ட நிலையத்தின் தலைவராகவும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநராகவும் இருந்து, 2019-இல் தமது நூறாவது வயதில் மறைந்தார்.

இனி நம் ஊருக்கு வருவோம். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. கற்பாறையைத் துளையிட்டதில் எழுந்த தூசி எத்தனை நுரையீரல்களைக் கெடுத்ததென்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை. 1940-களில் தங்கவயல் தொழிலாளரிடையே நடந்த பெருஞ்சோதனையில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் சிலிகோசிஸ் காணப்பட்டது. சிலிகாத் தூசி படிந்த நுரையீரலில் காசநோய் எளிதிற் புகும். காசநோய்க்கு இன்றளவும் கொடுக்கப்படும் முதன்மை மருந்துகளுள் ஒன்று ஐசோனியசிட். இம்மருந்துக்கும் பாத எரிச்சலுக்கும் உள்ள தொடர்பைத் தெளிவாக்கியது சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் என்பது பலரறியாதது. வீட்டிலிருந்தே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகுக்கு மெய்ப்பித்த அந்நிலையத்தார், ஐசோனியசிட் மிகுதியாக உண்ட நோயாளர் சிலருக்குப் பாதங்களில் எரிச்சலும் குத்தலும் உண்டாவதைக் கண்டு 1960-இல் வெளியிட்டனர். அம்மருந்தை உடலுக்குள் மெதுவாகச் செயலிழக்கச் செய்யும் இயல்புடையோருக்கே அது மிகுதியாக வந்தது. பைரிடாக்சின் எனப்படும் ‘பி6’ சத்தைச் சிறிய அளவில் உடன் கொடுப்பின் வராமற் காக்கலாம் என்பதையும் அவர்களே சோதித்துக் காட்டினர். ஆகவே காசநோய் மருந்து உண்பவர் எவருக்கேனும் கால் எரியத் தொடங்கின், மருந்தைத் தாமாக நிறுத்திவிடுதல் கூடாது. அஃது உயிருக்கே கேடாக முடியும். உடனே மருத்துவரிடம் கூறிப் பைரிடாக்சின் பெறுதல் வேண்டும்.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அக்காலத்தில் இறங்கி உழைத்தோர் இன்று முதுமையடைந்துள்ளனர். அவர்தம் பிள்ளைகளோ விடியற்கால இரயிலில் பெங்களூருக்குச் சென்று இருட்டிய பின் திரும்புகின்றனர். இவ்விரு சாராருக்கும் இன்று பாத எரிச்சலைத் தரும் பெருங்காரணம் சர்க்கரை நோயே. நோய் உள்ளதென்று அறியும் முன்னரே, அல்லது சர்க்கரை சற்றே மிகுந்த நிலையிலேயே, கால் எரியத் தொடங்குவதுமுண்டு. சர்க்கரைக்கென உண்ணும் மெட்பார்மின் என்னும் மாத்திரை நெடுநாள் உட்கொள்ளப்படின் ‘பி12’ சத்தைக் குறைக்கக்கூடும். அதன் குறைவும் நரம்பைக் கெடுக்கும். ‘பி12’ இயல்பாகக் கிடைப்பது பால், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலிருந்தே. புலால் நீக்கிய அன்பர்கள், பாலும் மோரும்கூடக் குறைவாகக் கொள்வராயின், இதனைக் கட்டாயம் சோதித்துக்கொள்ளல் வேண்டும். சீலம் காப்பதற்கும் மாத்திரை ஒன்று உண்பதற்கும் பகையில்லை. தைராய்டுக் குறைவு, சிறுநீரக நோய், தொழுநோய், எச்.ஐ.வி., புற்றுநோய் மருந்துகள் சில என வேறு காரணங்களும் உள. தொழுநோய் என்றதும் அஞ்சுவோருக்கு ஒரு சொல்: உணர்ச்சியற்ற வெளிறிய படை தோலில் இருப்பின் மறையாது காட்டுக, அரசு மருத்துவமனைகளில் மருந்து விலையின்றிக் கிடைக்கிறது, முற்றும் குணமாவது.

மதுவைப் பற்றித் தனியே உரைக்க வேண்டியுள்ளது. அது நரம்பிழையைத் தானும் கெடுக்கும். உணவைக் குறைத்துச் சத்துக்களையும் கெடுக்கும். பூமிக்கடியில் வெப்பத்தில் எட்டு மணி நேரம் உழைத்து மேலே வந்தவன் சாராயக் கடையை நாடியதைப் பழித்துப் பேசுவது எளிது. நாம் அதனைச் செய்யப் புகவில்லை. எனினும் ஐந்தாம் சீலம் காலுக்கும் மருந்தென்பதைக் கூறாது விட முடியாது. குடியை விட்டு, உணவைத் திருத்திக்கொண்டவர்களுள் பலருக்கு எரிச்சல் மாதக்கணக்கிலாவது தணிவதுண்டு.

மருந்துக் கடையில் ‘நரம்பு மாத்திரை’ என்று கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்குவோர்க்கும் ஓர் எச்சரிக்கை. அளவோடு காக்கும் அதே ‘பி6’ சத்து, பேரளவில் நெடுங்காலம் உண்ணப்படின் தானே நரம்பைக் கெடுத்துப் பாத எரிச்சலை உண்டாக்கும். மருந்தாலேயே நோய் வளர்த்து, நோய் வளர்ந்ததென்று மருந்தைப் பெருக்கும் பரிதாபத்துக்கு இடந்தரலாகாது.

இவற்றையெல்லாம் ஆராய்ந்த பின்னும், நரம்பு பழுதுற்றோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு, சில கணக்குகளின்படி அதற்கும் மேற்பட்டோருக்கு, காரணம் அகப்படுவதில்லை. உலகின் தலைசிறந்த மருத்துவமனைகளிலும் இதுவே நிலை. அத்தகையோருள் பெரும்பாலோர்க்கு நோய் மிக மெதுவாகவே வளர்வதும், நடக்கவியலாமற் போவது அரிதென்பதும் ஆறுதலான செய்திகள். ‘காரணம் தெரியவில்லை’ என்பது ‘காரணம் இல்லை’ என்பதாகாது. 1945-இல் கோபாலனின் நோயாளிக்கும், தொடக்கக் காலத்தில் ஐசோனியசிட் உண்ட நோயாளிக்கும் காரணம் தெரியாமலேயே இருந்தது, காரணம் இருந்தது. வயதானால் அப்படித்தான் என்னும் இரண்டாம் தீர்ப்பும் இவ்வாறு நில்லாதொழிகின்றது.

மூன்றாவதாகிய முன்வினைத் தீர்ப்பு இவ்விடத்திற்றான் நுழைகின்றது. அறிவு நின்ற இடத்தில் வினையை வைத்து நிரப்புவது நம் நாட்டு வழக்கம். இராசகிருகத்து வேணுவனத்தில் மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் பகவனிடம் வந்து இதே வினாவைக் கேட்டான். மனிதன் நுகரும் இன்ப துன்பங்கள் அனைத்தும் முன்செய் வினையாலேயே வருகின்றன என்று சில சமணபிராமணர் கூறுகின்றனரே, தாங்கள் யாது சொல்கின்றீர் என்றான். பகவன் அதற்கிசையவில்லை. பித்தத்தால் வரும் துன்பம் உண்டு; சேத்துமத்தால் வருவது உண்டு; வாதத்தால் வருவது உண்டு; இம்மூன்றும் கூடி வருவது உண்டு; பருவ மாறுபாட்டால் வருவது உண்டு; ஒவ்வாத நடக்கையால் வருவது உண்டு; பிறர் தாக்குதலால் வருவது உண்டு; இவற்றோடு எட்டாவதாக வினைப்பயனால் வருவதும் உண்டு என்று விரித்தார். இவற்றைத் தானும் அறியலாம், உலகமும் ஒப்பும். அவ்வாறிருக்க அனைத்தும் முன்வினையே என்பவர் தாம் அறிந்ததையும் உலகம் ஒப்பியதையும் மீறிப் பேசுகின்றனர் என்று மறுத்தார். சங்யுத்த நிகாயத்தில் வேதனைகளைக் கூறும் பகுதியில் இது காணப்படுகின்றது.

இதன் வலிமையை நாம் உணர வேண்டும். இன்னார்க்கு இன்ன பிறவி முன்வினையால் வாய்த்தது, ஆதலால் அவர் தாழ்ந்தே கிடக்கக் கடவர் என்னும் வாதத்தை மறுத்தே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்பிலும் நம் முன்னோர் இத்தன்மத்தைத் தழுவினர். ஜி. அப்பாதுரையார் 1926 முதல் இவ்வயலிலிருந்து ‘தமிழன்’ இதழை மீண்டும் நடத்தி எழுதியனவற்றுள் பெரும்பகுதி அவ்வாதத்தை எதிர்த்தனவே. வாயிலில் நின்று விரட்டிய அதே வாதத்தை, பாயிற் கிடக்கும் பெரியவரின் எரியும் காலைப் பற்றிக்கொண்டு கொல்லைப்புறமாக உள்ளே வர விடலாகுமா? ‘நீ செய்தது, நீ அனுபவி’ என்று நோயாளியிடம் கூறுவோர் அவருக்கு வைத்தியத்தை மறுக்கின்றனர், இரக்கத்தையும் மறுக்கின்றனர்.

இனி, நோயுற்றவர் செய்ய வேண்டுவது யாது? விநயத்தில், பிணியாளன் எத்தகையவனாயின் பேணுதற்கு எளியன் என்று பகவன் கூறுமிடத்து, தன் நோயை உள்ளவாறு கூறுபவன் என்பதை ஒரு குணமாக வைத்தார். கூடினால் கூடிற்றென்றும், குறைந்தால் குறைந்ததென்றும், அப்படியே நின்றால் நின்றதென்றும் சொல்ல வேண்டுமாம். எத்துணை நுட்பமான அறிவுரை! நம்மவருள் ஒரு சாரார் மருத்துவர் முன்னிலையில், “பரவாயில்லைங்க” என்று மறைப்பர். மற்றொரு சாரார், “உயிரே போகுதுங்க” என்று ஒரே சொல்லால் முடிப்பர். இரண்டாலும் மருத்துவர்க்குப் பயனில்லை. எரிச்சல் எந்த மாதம் தொடங்கியது, இரு பாதத்திலுமா ஒன்றிலா, எங்கிருந்து எதுவரை ஏறியது, இரவில் எந்நேரம் மிகுகின்றது, எதனால் தணிகின்றது, அதுவரை உண்ட மருந்துகள் யாவை என்பனவற்றை ஒரு தாளில் எழுதிக் கொண்டு செல்லுதல் நன்று. எழுதவியலாத பெரியவர்க்குப் பேரப்பிள்ளைகள் எழுதலாம்.

மருந்தைக் குறித்தும் ஒன்று. சாதாரண வலி மாத்திரைகள் இந்நரம்பெரிச்சலுக்கு அவ்வளவாகக் கேளா. அமிட்ரிப்டிலின், டியூலாக்செட்டின், காபாபென்டின், பிரிகாபாலின் போன்றவற்றை மருத்துவர் எழுதித் தருவர். இவற்றுள் முதலிரண்டும் மனச்சோர்வுக்கும், பின்னிரண்டும் வலிப்புக்கும் வழங்குவன. சீட்டில் அதைப் படித்துவிட்டு, “என்னைப் பைத்தியம் என்று எண்ணிவிட்டார்” என மருந்தை எறிந்துவிடுவோர் உளர். அங்ஙனமன்று, தானே அலறும் அச்சங்கின் ஒலியைத் தணிக்கும் ஆற்றல் இம்மருந்துகளுக்கு இருப்பதாலேயே அவை தரப்படுகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தலைச்சுற்றலும் மயக்கமும் வரக்கூடுமாதலால் முதியோர் இரவில் எழுந்து நடக்கையில் துணை வேண்டும்.

காரணம் கண்டும் காணாமலும், மருந்து உண்டும் உண்ணாமலும், எரிச்சலின் ஒரு பகுதி எஞ்சியே நிற்கக்கூடும். அவ்வெஞ்சிய பகுதியோடு வாழும் வகையைத்தான் பகவன் இரண்டு அம்புகளின் உவமையால் விளக்கினார். ஒருவனை ஓர் அம்பு தைக்கின்றது; தைத்த உடனே இரண்டாம் அம்பும் தைக்கின்றது. முதலம்பு உடலின் துன்பம். அது கல்லாதவனுக்கும் உண்டு, கற்ற சீடனுக்கும் உண்டு. இரண்டாவது, அத்துன்பத்தின்மேல் மனம் கொள்ளும் அழுகையும் வெறுப்பும் திகைப்பும். கற்ற சீடனுக்கு முதலம்பு மட்டுமே. கல்லாதவன் துன்பத்தினின்று தப்பப் புலனின்பத்தை நாடுவதன்றி வேறு வழியறியான் என்றும் அங்கே கூறப்பட்டுள்ளது. கால் எரிச்சலுக்கு ஒரு குவளை என்று தொடங்கி, குவளையாலேயே கால் மேலும் எரியும் நிலைக்கு ஆளானவரைக் கண்டோர்க்கு இதன் பொருள் விளங்கும்.

இரவு இரண்டு மணிக்கு இரண்டாம் அம்பு எவ்வுருவில் வருகின்றதென்று கவனித்தால் வியப்பாயிருக்கும். எரிச்சல் பாதத்தில் ஒரு சாண் அளவே. ஆனால் ‘எனக்கு மட்டும் ஏன்’, ‘காலை எடுத்துவிடுவார்களோ’, ‘மகனுக்குப் பாரமாகி விட்டேனே’, ‘நாளையும் இப்படித்தானா’ என்பன வீட்டையே நிறைத்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்றேனும் பாதத்தில் இல்லை.

வேதனை என்னும் சொல்லை நாம் இன்று துன்பம் என்ற ஒரே பொருளில் வழங்குகின்றோம். பாலியில் அஃது இன்பம், துன்பம், இரண்டுமல்லாதது ஆகிய மூவகை உணர்வுக்கும் பொது. மணிமேகலை ஆசிரியர் அதனை நுகர்வு என்று தமிழாக்கினார்; ஊற்றினின்று நுகர்வும், நுகர்வினின்று வேட்கையும் தோன்றுமென வரிசைப்படுத்தினார். எரிச்சல் நுகர்வு, ‘இஃது இப்பொழுதே ஒழிய வேண்டும்’ என்னும் துடிப்பு வேட்கை. முதலதை நாம் உண்டாக்கவில்லை, நிறுத்தவும் வல்லோமல்லோம். இரண்டும் சேருமிடத்தில் மட்டுமே நமக்குச் சிறிது இடமுண்டு.

பயிற்சி இது. படுத்தபடியே செய்யலாம், பதுமாசனம் வேண்டுவதில்லை. முதலிற் சில மூச்சுகளை அறிந்து விடுக. பின் எரிச்சலை விரட்ட முயலாமல் அதன் எல்லையைப் பார்க்க: குதிகாலில் உண்டா, விரலடியில் மட்டுமா? ஒரே சீராயுள்ளதா, அலையலையாய் வருகின்றதா? ஓரலைக்கும் மற்றோரலைக்கும் நடுவில் என்ன உள்ளது? ‘எரிச்சல், எரிச்சல்’ என்று மனத்துள் மெல்லக் குறித்துக்கொள்க. ‘ஏன் எனக்கு’ என்பது எழுந்தால் அதனையும் ‘எண்ணம்’ என்று குறித்துவிட்டு மீள்க. பொறுக்கவில்லையெனில், எரியாத இடமாகிய உள்ளங்கைக்கோ வயிற்றில் மூச்செழும் இடத்திற்கோ நினைவை மாற்றிச் சற்றே இளைப்பாறுக. தொடக்கத்தில் 10 நிமிடம் போதும். இதனால் எரிச்சல் போய்விடும் என்று நாம் கூறவில்லை. அவ்வாறு எதிர்பார்த்து அமர்வதே வேட்கையை அழைத்து வைப்பதாகும். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் கபாட்-சின் என்பார், தீரா வலியுடையோர்க்கு இந்நினைவுப் பயிற்சியையே பாடமாக அமைத்தார். அதுமுதல் பல நாட்டு மருத்துவமனைகளில் அது கற்பிக்கப்படுகின்றது. வலியின் அளவு பலர்க்குச் சிறிதே குறைகின்றது. வலியோடு வாழ்வது எளிதாகின்றது என்பதே பெரும்பாலும் காணப்படுவது.

வலியை உணர்வது பயிற்சிக் குறைவின் அடையாளமென்று எவரும் நாணற்க. பாவா நகரில் பகவனுக்கு முதுகு நொந்தபோது, பேசும் பொறுப்பைச் சாரிபுத்தரிடம் தந்துவிட்டுத் தாம் வலப்பக்கமாய்ச் சாய்ந்து படுத்தார். முதுமையில், கட்டுகளால் இழுத்துக்கட்டப்பட்ட பழைய வண்டிபோல் தம் உடல் ஓடுகின்றதென ஆனந்தரிடம் கூறினார். தேவதத்தன் உருட்டிய பாறையின் சில்லு பாதத்திற் பட்டுக் கடுந்துன்பம் உற்றதும் சொல்லப்பட்டுள்ளது. நொந்த இடத்தில் நொந்தது என்று சொன்னார்; ஓய்வு வேண்டியபோது ஓய்வெடுத்தார்.

பாதத்தைப் பேணுவதையும் அவர் சிறிதாக எண்ணவில்லை. பிலிந்தவச்ச தேரருக்குப் பாதங்கள் வெடித்தபோது பாதத்திற்கு எண்ணெய் தேய்க்க அனுமதித்தார். நடந்து நடந்து பாதம் புண்ணாகிக் குருதி கசிந்த சோணருக்கு ஒற்றைத் தோற்செருப்பை அனுமதித்தார். அவர் தமக்கு மட்டும் வேண்டாவென்றதால் சங்கத்தார் அனைவருக்கும் அனுமதித்தார். நம் வீடுகளில் இன்று செய்யத்தக்கனவும் இவ்வளவினவே. எரிச்சல் மிகும்போது குழாய் நீரில் பத்து நிமிடம் பாதங்களை வைத்தெடுத்து விரலிடுக்கு வரை ஈரம் போகத் துடைக்கலாம். பனிக்கட்டி நீர் ஆகாது. சாங்கிக் கைதிகளைப்போல் மணிக்கணக்கில் ஊறவைத்தலும் ஆகாது. உணர்வு மங்கிய தோல் அழுகிப் புண்ணாகும். வெந்நீர் ஒத்தடமும் தணலும் அறவே வேண்டா. எரியும் பாதம் உண்மைச் சூட்டை அறியாது வெந்துவிடும். சிறிது தேங்காயெண்ணெய் பூசலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டா. வீட்டுக்குள்ளும் செருப்பணிதல் நன்று. போர்வை பாதத்தில் படாதவாறு கால்மாட்டில் ஒரு சிறு முக்காலியை வைத்து அதன்மேல் போர்த்தலாம். நாள்தோறும் மாலையில் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். பார்வை குறைந்தோர்க்கு வீட்டிலுள்ளோர் பார்த்துச் சொல்ல வேண்டும். கொப்புளமோ வெடிப்போ கண்டால் அன்றே கவனிக்க வேண்டும்.

எரிச்சலோடு கால்கள் வலுவிழந்து சில நாட்களில் தளர்ச்சி மேலேறினாலும், சிறுநீர் மலம் கட்டுப்பாடிழந்தாலும், ஒரு காலில் மட்டும் திடீரென வந்து கால் நிறம் மாறிக் குளிர்ந்தாலும், நாள் கடத்தலாகாது. உடனே கோலார் மாவட்ட மருத்துவமனைக்கோ, நரம்பு மருத்துவர் உள்ள பெங்களூர் நிம்ஹான்ஸ், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடத்திற்கோ அழைத்துச் செல்லுதல் வேண்டும். அவசரமில்லாத மற்றையோர் முதலிற் செய்துகொள்ளத்தக்க சோதனைகள் சர்க்கரை, ‘பி12’, தைராய்டு, சிறுநீரகம் ஆகியவற்றுக்குரிய இரத்தச் சோதனைகளே. முன் கூறியவாறு ஏழு இரவுகளின் குறிப்பை எழுதிய தாளும், உண்டுவரும் மாத்திரை அட்டைகள் அனைத்தும் ஒரு பையிலிட்டும் உடன் கொண்டு செல்லப்படுக.